வட்டத்துக்குள் ஒரு வாய்

கிட்ட வாங்க கண்ணுகளா, இன்னும் கொஞ்சம் கிட்ட. கதவு திறந்தே இருக்கட்டும், வெளிச்சம் வரட்டும். இது இருட்டில் சொல்லிப் பயமுறுத்துகிற கதை இல்லை; பட்டப்பகலில் நடந்தது, பட்டப்பகலிலேயே சொல்லிவிடுகிறேன். பயமாக இருந்தால் சொல்லுங்கள், நிறுத்திக்கொள்கிறேன். ஆனால் ஒன்று, பாதியில் நிறுத்தின கதைதான் ராத்திரி கூடவே வந்து படுக்கும்.

ஒரு டப்பிங்காரி இருந்தாள். முப்பது வருஷமாக அடுத்தவர் வாய்க்குத் தன் குரலைக் கொடுத்துப் பிழைத்தவள். அன்றைக்குக் காலையில் அவள் கண்டது ஒரு சின்னத் தப்பு, அவ்வளவுதான். இருக்கக்கூடாத இடத்தில் ஒரு வாய்.

அப்போது அவள் பேசிக்கொண்டிருந்தது வெளிநாட்டுக் கார்ட்டூன் தொடர் ஒன்றுக்கு. கார்ட்டூன் என்றதும் முயலும் பூனையும் என்று நினைத்துவிடாதீர்கள், பெரியவர்கள் பார்க்கிற கதை. அதில் ஒரு நகரம். நகரத்தை ஆள்கிறது ஒரு மிஷின். தெருவில் போகிறவன் மனதைக் கேமரா வழியாகவே படித்துவிடும். இவன் நாளைக்குத் திருடுவான், அவள் நாளை மறுநாள் குத்துவாள் என்று முன்கூட்டியே சொல்லிவிடும். போலீஸ் வந்து அள்ளிக்கொண்டு போகும். "நான் இன்னும் ஒண்ணுமே பண்ணலையே" என்று வாரம் ஒருத்தர் அலறுவார். அந்த மிஷினின் குரல்தான் இவள். ஒவ்வொரு வாரமும், பச்சைத் தண்ணீர் மாதிரி ஒரு குரலில், "குற்றம் உறுதி. தடுக்க நேரம் இருக்கிறது" என்பாள். கேட்டவர்கள் புல்லரித்தது என்றார்கள். இவளுக்கும் பெருமைதான்.

மிஷினுக்கு வாய் கிடையாது. உதட்டுக்கு உதடு பொருத்திப் பேசுகிற பாடும் இல்லை. அதோடு, படம் திருட்டுப் போய்விடக் கூடாது என்று கம்பெனிக்காரர்கள் திரை முழுக்கக் கறுப்புப் பூசி, பேசுகிறவர் வாயைச் சுற்றி மட்டும் ஒரு வட்டம் விட்டு அனுப்புவார்கள். மிஷின் பேசும்போது வட்டமும் இருக்காது. முழுக் கறுப்பு.

அந்தக் கறுப்பில்தான் அன்றைக்கு வட்டம் தெரிந்தது. வட்டத்துக்குள் ஒரு வாய்.

"அண்ணே, மிஷின் பேசற இடத்துல வாய் தெரியுதே?"

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவர் ஒலிப்பதிவாளர். எந்நேரமும் எதையாவது திருகிக்கொண்டே இருப்பதால் அவருக்குக் குமிழ் என்று பட்டப்பெயர். "மிஷினுக்கு வாயா? வாய் இருந்திருந்தா அது இந்நேரம் லீவு கேட்டிருக்குமேம்மா."

"விளையாடாதீங்க. அசையுது பாருங்க."

"என் திரையில அட்டக் கறுப்புதான். காலையில சாப்பிட்டீங்களா இல்லையா?"

அவள் மறுபடி பார்த்தாள். அந்தத் தொடரில் வாய் என்றால் மூன்றே படம்: மூடினது, பாதி திறந்தது, முழுக்கத் திறந்தது. மாற்றி மாற்றிப் போட்டு ஒப்பேற்றிவிடுவார்கள். இந்த வாய் அப்படி இல்லை. 'ம'வுக்கு உதடுகள் ஒட்டின. 'உ'வுக்குக் குவிந்தன. 'ழ'வுக்கு நாக்கின் நுனி மடிந்து உள்ளே போனது. எங்கோ தொலைதூரத்தில் உட்கார்ந்து வரைகிறவனுக்குத் தமிழ் ஏது?

வாயைப் படிக்க அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அவளுடைய அக்காவுக்கு ஆறு வயதில் வந்த காய்ச்சல் காதைக் கொண்டுபோய்விட்டது. தங்கை வாயைப் பார்த்து அக்கா, அக்கா வாயைப் பார்த்துத் தங்கை என்று சத்தமே இல்லாமல் பேசி வளர்ந்தவர்கள். இரண்டு பேரும் கல்யாணம் காட்சி என்று போகவில்லை. இன்றைக்கும் மூன்றாவது மாடியில் ஒரே வீடு. "ஊரே உன் குரலைக் கேக்குது. எனக்கு மட்டும் வெறும் வாய்தான்டி" என்று சிரிப்பாள் அக்கா.

பசித்த பிள்ளையைப் பார்த்ததும் தாய்க்குப் பால் சுரப்பதுபோல, குரலில்லாத வாயைப் பார்த்தால் இவளுக்குத் தொண்டை திறந்துகொள்ளும். முப்பது வருஷப் பழக்கம் அல்லவா? தன்னை அறியாமல் அந்த வாய்க்குப் பேசிவிட்டாள்.

"ஜாடி போனாப் போகுது. காலை எடு, கண்ணாடி குத்திரும்."

"தாயே, வசனத்துல ஜாடி எங்க இருக்கு?" என்று சிரித்தார் குமிழ்.

அன்று சாயங்காலம் அக்கா தண்ணீர் ஊற்றிக்கொள்ள எழுந்தாள். முட்டி இரண்டும் தேய்ந்துபோன கால்கள். தடுமாறி மேஜையைப் பிடித்தாள். கண்ணாடி ஜாடி விழுந்தது. அடுப்படியிலிருந்து ஓடிவந்த தங்கை சொன்னாள், "ஜாடி போனாப் போகுது. காலை எடு, கண்ணாடி குத்திரும்." சொல்லி முடித்த பிறகுதான் அது அவள் காதில் விழுந்தது. கையில் துடைப்பத்தோடு அப்படியே நின்றாள். தண்ணீர் மட்டும் மெதுவாகத் தரையில் பரவி அவள் கால்விரல்களைத் தொட்டது. அவ்வளவு சில்லென்று இருந்திருக்க வேண்டிய தண்ணீர் இல்லை அது.

மறுநாள் போகாமல் இருந்திருக்கலாம். நானும் அதைத்தான் சொல்வேன். ஆனால் ஒப்புக்கொண்ட வேலையை விட்டு அவளுக்குப் பழக்கமில்லை.

பதிவறையின் கதவு மூடினால் உலகமே மூடின மாதிரி. சுவர் முழுக்கப் பஞ்சு. பழைய கம்பளமும், சூடான ஒயரும், யாரோ எப்போதோ கொட்டின டீயும் கலந்த வாசனை. ஹெட்ஃபோனைக் காதில் மாட்டியதும் வெளிச்சத்தம் செத்துப்போய், தன் இரத்தம் ஓடுகிற இரைச்சல் மட்டும் அலைபோல ஏறி இறங்கும். உமிழ்நீர் விழுங்குவதுகூடக் கிணற்றில் கல் போட்ட மாதிரி கேட்கும். பகல் பதினொரு மணி. உள்ளே எப்போதும் ஒரே மணிதான்.

திரை கறுத்தது. வட்டம் திறந்தது.

இன்று வாய் இன்னும் கிட்டத்தில் இருந்தது. பேசுவதற்கு முன் கீழுதடு இடப்பக்கம் கொஞ்சம் இழுத்துக்கொண்டது, அக்காவுக்குப் புரிய வேண்டும் என்று சின்ன வயதில் எழுத்தெழுத்தாகப் பெரிதாக்கிப் பேசிப் பேசி ஒருத்திக்குப் படிந்துபோன இழுப்பு. உலகத்தில் வேறு யாருக்கும் இல்லாத இழுப்பு.

அது அவள் வாய்.

'நான் தள்ளலை,' என்றது. 'அக்கா... ஐயோ. நான் தள்ளலை. நான் தள்ளலைங்க.'

அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள். குரல் கொடுக்கவில்லை. ஆனால் எங்கே தள்ளவில்லை, யாரைத் தள்ளவில்லை என்று ஒரு கணம்கூட அவள் யோசிக்கவில்லை பாருங்கள். அவளுக்குத் தெரியும். போன மாதம், ஆஸ்பத்திரிக்குப் போக அக்காவைப் படியிறக்கினாள். லிஃப்ட் இல்லாத கட்டடம். மூன்று மாடி. அக்காவின் முழுக் கனமும் இவள் தோளில். மூச்சு வாங்குகிறது, இடுப்பு விண்விண் என்கிறது, இன்னும் எத்தனை வருஷம் என்று இருக்கிறது. அந்த நேரத்தில், இரண்டாம் மாடித் திருப்பத்தில், ஒரு நினைப்பு வந்து போனது. இந்தக் கையை மட்டும் எடுத்துவிட்டால்? கண்சிமிட்டும் நேரம்தான். வந்ததும் போய்விட்டது. யாருக்குத்தான் வராது? ஆனால் அவள் அதை யாரிடமும் சொல்லவில்லை. தன்னிடமே சொல்லிக்கொள்ளவில்லை.

"அம்மா, உங்க வசனம்," என்றார் குமிழ்.

கையில் இருந்த தாளைப் பார்த்தாள். இந்த வாரம் ஒரே ஒரு சொல் மாறியிருந்தது. வாய் கெஞ்சிக்கொண்டே இருக்க, அதன்மேல் அவள் தன் பச்சைத் தண்ணீர்க் குரலில் சொன்னாள்.

"குற்றம் உறுதி. தடுக்க நேரம் இல்லை."

வட்டம் மூடியது.

"குரல் பிரமாதம்," என்றார் குமிழ். "ஆனா நடுவுல உதடு ஒட்டிப் பிரியற சத்தம் வருது. இன்னொரு தடவை குடுங்க."

"நான் உதட்டை அசைக்கலைண்ணே."

"என்னம்மா நீங்க, கண்ணாடி வழியாப் பார்த்துக்கிட்டுத்தானே இருக்கேன். பேசி முடிச்ச பிறகும் வாய் அசைஞ்சுக்கிட்டே இருந்துச்சு. மனப்பாடம் பண்றீங்கன்னு நினைச்சேன்." அவள் முகத்தைப் பார்த்ததும் குமிழைத் திருகிக்கொண்டிருந்த கை நின்றது. "உடம்புக்கு என்னம்மா? வீட்டுக்குப் போங்க. அக்கா தனியா இருப்பாங்க இல்ல?"

வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் விரலால் உதட்டைப் பிடித்துக்கொண்டே நடந்தாள்.

மறுநாள் பகலில்தான் அக்காவுக்கு முட்டி ஊசி. இரண்டு மாதம் காத்திருந்து கிடைத்த தேதி. ராத்திரி முழுக்க வலியில் முனகுகிறவளிடம் எப்படி வேண்டாம் என்பது? தங்கை ஒரு முடிவுக்கு வந்தாள். தொட மாட்டேன். படியில் அவள் பக்கத்திலேயே நிற்க மாட்டேன். தொடாதவள் எப்படித் தள்ள முடியும்? வண்டிக்காரரைக் கூப்பிட்டு, மேலே வந்து தூக்கி இறக்க வேண்டும் என்று பேசிவைத்தாள். "ஆகட்டும்மா, என் அம்மா மாதிரி தூக்கிட்டு வந்துடறேன்" என்றார் அவர். அதைக் கேட்டபோது அவளுக்கு அழுகை வந்தது.

காலையில் வண்டிச் சத்தம் கேட்டது. ஹாரன். பிறகு போன்.

"அம்மா, வண்டிய இங்க விட முடியாதாம். போலீஸ்காரர் கிட்டவே நிக்கிறார், நான் இறங்கினா வண்டியத் தூக்கிருவாங்க. எப்படியாச்சும் நீங்களே இறக்கிட்டு வந்துருங்க, கதவைத் திறந்து வெக்கறேன்."

"இல்லைங்க, நீங்க வந்துதான் ஆகணும். கெஞ்சிக் கேக்கறேன்..."

வைத்துவிட்டார்.

திரும்பினாள். அக்கா உட்கார்ந்திருந்த நாற்காலி காலி. வாசல் கதவு விரியத் திறந்திருந்தது.

அக்கா படியின் தலைமாட்டில் நின்றிருந்தாள். ஒரு கையில் பை. ஒரு கை கைப்பிடிச் சுவரில். கால் இரண்டும் நடுங்கின.

"அக்கா! உள்ள வா! நகராத!" கத்தினாள். காது கேளாதவளிடம், அவள் முதுகுக்குப் பின்னால் நின்று கத்தினாள்.

ஓடினாள். மூன்றடி தூரத்தில் நின்றுவிட்டாள். அதற்குமேல் கால் வரவில்லை. நிழல் அசைந்ததைப் பார்த்து அக்கா தலையைத் திருப்பினாள். முகம் முழுக்கச் சிரிப்பு.

"வாடி. எவ்வளவு நேரம்?" ஏற்ற இறக்கம் இல்லாத அந்தக் குரல் படிக்கட்டுக் குழியில் முட்டி முட்டிக் கீழே போனது.

தங்கை தலையை ஆட்டினாள். வேண்டாம். உட்கார். அப்படியே உட்கார்.

அக்கா அவள் கண்ணைப் பார்க்கவில்லை. வாயைப் பார்த்தாள். சிரிப்பு மெல்ல ஒதுங்கியது.

"மறுபடியும் ஆரம்பிச்சுட்டியா? நானும் கேக்கணும் கேக்கணும்னு இருந்தேன். போன மாசத்துலேர்ந்து சத்தமில்லாம இதையே சொல்லிட்டிருக்க. சமைக்கும்போது சொல்ற. தூக்கத்துல சொல்ற." புருவம் சுருங்கியது. "நான் தள்ளலை, நான் தள்ளலைன்னு. யாரைடி தள்ளலை?"

தங்கை கையால் வாயைப் பொத்தினாள்.

கீழே ஹாரன் அடித்தது. விடாமல் அடித்தது. அக்காவுக்குக் கேட்கவில்லை. கால் வலித்தது அக்காவுக்கு. அவ்வளவுதான் அவளுக்குத் தெரிந்தது. கைப்பிடிச் சுவரை விட்டாள். அந்தக் கையைத் தங்கையை நோக்கி நீட்டினாள்.

முட்டி மடங்கத் தொடங்கியது.

பிடிக்க வேண்டும். தொடக் கூடாது. பிடிக்காவிட்டால் விழுவாள். தொட்டால்...

அக்கா நீட்டின கை காற்றில் நின்றது. பொத்தின கைக்குள்ளே, உள்ளங்கையில், ஈரமாக, ஒட்டிப் பிரிந்து, ஒட்டிப் பிரிந்து, தங்கையின் உதடுகள் தாமாகப் பேசிக்கொண்டே இருந்தன.

இவ்வளவுதான் கண்ணுகளா எனக்குத் தெரிந்தது. இதற்கு மேல் என்னைக் கேட்காதீர்கள். பொழுது சாய்கிறது, எழுந்து போங்கள், விளக்கைப் போடுங்கள், வீட்டில் இருக்கிறவர்களைப் பேர் சொல்லிக் கூப்பிடுங்கள். உங்கள் வீட்டில் வந்து போகிற கெட்ட நினைப்பெல்லாம் நினைப்போடு போகட்டும். மூத்தவர்களுக்குக் கால் வழுக்காமல், இளையவர்களுக்கு மனசு வழுக்காமல் இருக்கட்டும். நீங்கள் தாங்குகிறவர்களும், உங்களைத் தாங்குகிறவர்களும் நூறு வயசு நன்றாக இருக்கட்டும்.