தலைவர் வீட்டுக் கூரை

"ஏங்க... கயிறு கட்டியிருக்கிறது கண்ணுக்குத் தெரியலையா?"

சைகல் போட்ட சத்தத்தில் கண்ணாடிப் பெட்டிகளே அதிர்ந்தன. மறைந்த தலைவர் வாழ்ந்த, இப்போது நினைவில்லமாகிவிட்ட அந்த வீட்டை மூன்று வருடமாக அவள்தான் காத்து வருகிறாள். தலைவர் எழுதிய மேசையை ஒருவரும் தொட்டதில்லை. சுற்றிப்பார்க்க வந்த இந்த இளைஞனோ ஈர பூட்ஸோடு கயிற்றைத் தாண்டிப் போய், அதன்மேல் தன் மழைக்கோட்டை விரித்துக்கொண்டிருந்தான்!

"கூரை ஒழுகுது எஜே. அது உங்க கண்ணுக்குத் தெரியலையா?"

"நான் ஒண்ணும் உங்களுக்கு அக்கா இல்ல!"

"அப்பாடா... நல்லதாப் போச்சு."

சிரித்தான். மழை விட்ட ஏரியில் வெயில் விழுந்தது போல அந்தக் கண்கள்... சீ, என்ன நினைப்பு இது!

பெயர் தாலாய். தலைநகர் பிஷ்கெக்கில் கூரை வேலை. விடுமுறைக்கு இந்தக் கராகோல் ஊருக்கு வந்தவன், மறுநாள் காலை வேனில் திரும்ப வேண்டியவன், மழைக்கு ஒதுங்கியிருக்கிறான்.

"நாலு நாள் குடுங்க. நானே சரி பண்ணித் தர்றேன்."

"வழியில போறவங்க ஆணி அடிக்கிற வீடில்ல இது. மேலிடத்துல அனுமதி கேட்டிருக்கேன்."

"எப்போ?"

"...போன வருஷம்."

அவன் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினான். அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

"மூடுற நேரமாச்சு. கிளம்புங்க!"

மறுநாள் காலை கதவைத் திறந்தாள். சுவரெல்லாம் ஈரம். தலைவரின் திருமணப் படத்தில் பாதி கரைந்திருந்தது. முதல்முறையாகத் தன் வீம்பின் மேலேயே அவளுக்குக் கோபம் வந்தது. கதவைப் பூட்டிவிட்டுப் பேருந்து நிலையத்துக்கு ஓடினாள்.

பிஷ்கெக் வேனில் ஜன்னலோரம் அவன்... கண்ணாடியைத் தட்டினாள்.

"இறங்குங்க."

"அனுமதி வந்துடுச்சா?"

"நான் குடுக்குறேன். வேலை போனா போகட்டும்... அந்த வீடு இனி நனையக்கூடாது."

பையைத் தூக்கிக்கொண்டு இறங்கினான்.

அவன் மேலே, ஏணியைப் பிடித்தபடி அவள் கீழே. மதியம் ஒரே தட்டில் எண்ணெயில் பொரித்த போர்சோக் ரொட்டி, தேநீர், ஓயாத வாய்ச்சண்டை. மேலிடத்திலிருந்து போனில் திட்டு வந்தது. "ஆமாங்க, நான்தான் செய்யச் சொன்னேன்," என்றாள் சைகல், குரல் நடுங்காமல். எச்சரிக்கைக் கடிதத்தோடு விட்டார்கள்.

கூரை வேலை முடிந்தது; பத்தாம் நாள் அவன் பையைத் தோளில் மாட்டினான். அவள் வாசலை மறித்து நின்றாள். பேசாமல் விட அவள் தயாராக இல்லை.

"தாலாய்... போகாதீங்க. கூரைக்காகச் சொல்லல. எனக்காக."

அவன் பையை மெல்லக் கீழே வைத்தான்.

"நாலு நாள் வேலைங்க அது... ஒன்பது நாள் எதுக்கு இழுத்தேன்னு நினைச்சீங்க?"