சொல்பேச்சு கேட்கிறவள்

பேருந்து ஓட்டுநர் அந்தப் பழைய வீட்டை வாடகைக்கு எடுத்ததற்கு ஒரே காரணம், மகளுக்குத் தனி அறை. மனைவிக்கு வேறு ஊரில் வேலை. அவரும் பதினாறு வயதுப் பெண்ணும் மட்டும் சாமான்களோடு வந்து இறங்கினார்கள். அன்றே அவள் கடைசி அறைக்குள் புகுந்து கதவைச் சாத்திக்கொண்டாள்.

"தட்டாம உள்ள வராதீங்கப்பா."

"சரிம்மா."

சண்டை போட அவருக்குத் தெம்பில்லை. விடியுமுன் கிளம்பி நாள் முழுதும் ஸ்டியரிங் பிடிக்கிறவர். எங்கே போனாய் என்று கேட்டால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாள். கேட்காவிட்டால், "என்மேல அக்கறையே இல்ல" என்பாள்.

பத்து நாள் கழித்து ஒரு மாலை, வேலை முடிந்து வந்தவர் அந்தக் கதவைத் தட்டினார்.

"சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேம்பா. நீங்க உக்காருங்க, கால் வலிக்கும்ல."

அவர் அப்படியே நின்றுவிட்டார். அந்தக் குரலில் இவ்வளவு கனிவைக் கேட்டு இரண்டு வருடமாவது இருக்கும்.

மறுநாள் நாற்காலியைக் கதவருகே இழுத்துப் போட்டுக்கொண்டார். பயணிகளோடு நடந்த தகராறு, முதுகுவலி, அவள் வளர வளரத் தனக்குக் கூடும் பயம், எல்லாவற்றையும் சொன்னார். உள்ளிருந்து "ம்" கேட்டது. கதவிடுக்கில் ஈர மண்ணின் வாசனை கசிந்தது.

சொல்லி முடித்ததும் தன் அறையில் போய் அடித்துப் போட்டதுபோல் தூங்கிவிடுவார். இரவுச் சாப்பாட்டின்போது அவள் பழையபடி தலை நிமிராமல் கைபேசியை நோண்டிக்கொண்டிருப்பாள். நேருக்கு நேர் பேசக் கூச்சம் போலும் என்று நினைத்துக்கொள்வார்.

ஒரு வாரம் இப்படியே போயிற்று.

"எங்க போனாலும் எங்கிட்ட சொல்லிட்டுப் போம்மா" என்றார் அன்று.

"நான் எதுக்குப்பா போகப்போறேன்? நீங்க இருக்கீங்கள்ல."

வாசல் கதவு திறந்தது.

தோளில் பையோடு மகள் நின்றாள். சட்டை வியர்வையில் நனைந்திருந்தது.

"யார்கிட்டப்பா பேசுறீங்க?"

அவர் சாத்திய கதவையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நீ எப்ப வெளிய போன?"

"தினமும் ஸ்கூல் முடிஞ்சு கூடைப்பந்து. இன்னிக்கு சீக்கிரம் விட்டுட்டாங்க. சொன்னா வேணாம்பீங்கன்னுதான் சொல்லல."

அறைக்குள் கட்டில் கிரீச்சிட்டது.

காலடிகள் கதவை நோக்கி வந்தன.

"உள்ள யாருப்பா?" அவள் முணுமுணுத்தாள்.

தாழ்ப்பாள் மெல்ல அசைந்தது. அவர் மகளைத் தன் முதுகுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு, பின்னாலேயே அடி வைத்துத் தெருவுக்கு வந்தார். அதன்பின் அந்த வீட்டுப் படியை அவர்கள் மிதிக்கவில்லை.

அன்றிரவு விடுதி அறையில் அவள் சுவரைப் பார்த்தபடி கேட்டாள்.

"அது நான்தான்னு நெனச்சீங்களாப்பா? நான் அப்படியெல்லாம் பேசமாட்டேன்னு உங்களுக்குத் தெரியாதா?"

அவள் எதிர்த்துப் பேசியதையெல்லாம் அவர் நினைத்துப் பார்த்தார். அதில் ஒன்றுகூட இப்போது வலிக்கவில்லை.

புது வீட்டில் அவள் சொல்லிவிட்டுப் போகிறாள். அவரும் வேண்டாம் என்பதில்லை.

நேற்று மாலை பணிமனையில் இருந்தபோது மைதானத்திலிருந்து அழைத்தாள். பின்னால் ஒரே இரைச்சல்.

"மேட்ச் இருக்குப்பா. ஏழு மணி ஆகும்."

"பாத்து வாம்மா."

அவள் பேச்சை முடித்தாள். இரைச்சல் நின்றது. அவர் கைபேசியைக் காதிலிருந்து எடுக்குமுன் அதே குரல், மிகக் கனிவாக, மிக அருகில்:

"நான் வீட்லதாம்பா இருக்கேன். நீங்க மெதுவா வாங்க."