காற்று: இல்லை

சீட்டில் 'காற்று: இல்லை' என்று இருந்தது. சிரில் மறுபடி படித்தான்.

பதினாலாயிரம் அடி உயரத்துப் பனிக் கண்காணிப்பு முகாமில் காற்று இல்லாத நாளே கிடையாது. அங்கே அளவெடுப்பவன் அவன் தம்பி வால்டர். தினமும் நான்கு மணிக்குத் தம்பி வயர்லெஸில் அனுப்புவதை, பூனா அலுவலகத்தில் அண்ணன் பதிவேட்டில் ஏற்றுவான். புதுப்பனி இரண்டடியைத் தாண்டினால், முகாமைக் காலி செய்யும் உத்தரவு இங்கிருந்துதான் போகவேண்டும்.

'வெளிச்சம்: இல்லை. மேலே பனி: பதினோரு அடி.'

"பட்டப்பகல்ல வெளிச்சம் இல்லையாம். ஓய், உம்ம தம்பி போர்வைக்குள்ளேர்ந்து அளக்கறானா?" சீட்டைக் கொண்டுவந்த ஆபரேட்டர் பட்டாபிராமன் சிரித்தார்.

சிரில் சிரிக்கவில்லை. சனிக்கிழமை சீட்டு வரத் தாமதமானது. தேவாலயத்தில் பாட்டு ஒத்திகைக்கு நேரமாகிவிட்டதென்று, அலுவலகத்தில் எல்லோரும் செய்வதுபோல முந்தின நாள் அளவையே எழுதிவிட்டுப் போனான்: புதுப்பனி இல்லை. ஞாயிறு விடுமுறை. இன்று, திங்கள் காலையில்தான் மேஜைத் தட்டில் அந்தச் சீட்டைப் பார்த்தான். 'ஒரே இரவில் நாலடி. கெட்டிப்பட்ட பழைய பனிமேல் மாவாக நிற்கிறது. சரிவில் வெடிப்பு.' கீழே, வழக்கம்போல ஆங்கில எழுத்தில் தமிழ்: 'இறங்கலாமா அண்ணே?'

அதை இழுப்பறையில் வைத்துப் பூட்டியிருந்தான்.

வெளியே பிப்ரவரி வெயிலில் டாங்கா வண்டிக் குதிரையின் குளம்பொலியும், கடலை வறுக்கும் சட்டியின் சத்தமும், யாரோ மராத்தியில் பேரம் பேசுவதும், பஞ்சுப் பொதிக்குள் போவதுபோல ஒவ்வொன்றாக அமுங்கின. இழுப்பறையிலிருந்து ஈரக் கம்பளி வாசனை வந்தது.

டெலிபோன் அடித்தது. எடுத்துக் கேட்ட பட்டாபிராமன், ரிசீவரைக் கீழே வைக்காமலே திரும்பினார்.

"சிரில்... சனிக்கிழமை ராத்திரியே முகாம்மேல பனி சரிஞ்சுடுத்தாம். இன்னும் தோண்டிண்டிருக்காளாம். வயர்லெஸ் கம்பமே ஒடைஞ்சு கெடக்காம்."

"அப்ப இந்தச் சீட்டு?"

பக்கத்து அறையில் வயர்லெஸ் கருவி தட்டத் தொடங்கியது.

பட்டாபிராமன் அசையவில்லை. சிரில்தான் போனான். காதில் மாட்டும் கருவி பனிக்கட்டியாய்ச் சுட்டது. தம்பியோடு சேர்ந்து படித்த தந்திக் குறியீடு. அவன் தட்டும் அதே பாணி.

மேலே பனி: பதினெட்டு அடி.

காற்று: இல்லை.

நேற்றுப்போலவே என்று எழுதிக்கொள்ளுங்கள் அண்ணே.

கருவியைக் கழற்றி எறிந்தான். கதவைத் தள்ளினான். அசையவில்லை. பட்டாபிராமன் கூப்பிடுவது கேட்டது. கதவுக்கு வெளியே இல்லை. மேலே. வெகு உயரத்தில்.

மூச்சு புகையாய் வந்தது.

தட்டும் சத்தம் நிற்கவில்லை. இப்போது ஜன்னலில். கண்ணாடி முழுக்க வெள்ளை. அந்த வெள்ளைக்குள்ளிருந்து, ஐந்து நீல விரல்கள், அவனை நோக்கித் தோண்டிக்கொண்டு வந்தன.