ஜூன் ஒன்பதாம் தேதித் தாள்

1987 செப்டம்பர் 21, திங்கள். காலை 9.10.

அபிநயாவின் கை களவு போயிருந்தது. இருந்த இடத்தில்தான் இருந்தது, எதையும் பிடிக்கவில்லை. பதினோரு வயது. பிறவியிலேயே மூளை முடக்குவாதம். பேச்சு வராது, கால் நிற்காது, கழுத்து ஓயாமல் வெட்டி இழுக்கும். வலது கை ஒன்றுதான் அவள் சொல் கேட்டுவந்தது; இப்போது அதுவும் இல்லை.

"இவதான் புள்ளையக் கீழ போட்டா, ஏட்டய்யா," என்றார் தாத்தா தெய்வசிகாமணி. நைனார்பாளையத்தில் அவர் சொல்லுக்கு மறுசொல் கிடையாது. "வியாழக்கிழமை. அன்னிக்கே இடஒதுக்கீட்டு மறியல். ரோடு பூரா மரத்த வெட்டிப் போட்டுட்டாங்க. ஆஸ்பத்திரிக்கு எப்படிப் போறது?"

குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் காசியம்மாள் தூணைப் பிடித்துக்கொண்டாள். அவள் குடிசை அவர் நிலத்தில் இருந்தது. "சத்தியமா வுடலைங்க. பொறந்ததுலேர்ந்து தூக்கிக்கினு கீறேன்."

ஏட்டு பொன்னுரங்கம் குழந்தையின் வலது கையைத் தூக்கிப் பார்த்தார். ஏரிக்கரை வழியே மொபெட்டில் வந்துபோன டாக்டரம்மா சொன்னது அவர் மனதில் ஓடியது: "கழுத்துல தண்டுவடம் நசுங்கியிருக்கு. விழுந்தாலும் நசுங்கும், பல வருஷம் இப்படி இழுத்து, எலும்பு தேஞ்சும் நசுங்கும். எது, எப்பன்னு இந்த மெலிஞ்ச கை சொல்லாது. ஆரம்பத்துலயே வந்திருந்தா ஆபரேஷன்ல நிறுத்திப் பாத்திருக்கலாம். இனிமே மூச்சும் கொறையும்."

வாசலில் கல்யாணப் பந்தல் காய்ந்து நின்றது. ஆவணியில் அக்காளுக்குக் கல்யாணம் முடிந்திருந்தது. அறையில் பாய், ரப்பர் விரிப்பு. முழங்கால் உயரத்தில் ஒரு தினசரிக் காலண்டர்.

"காலண்டர் இன்னா இவ்ளோ கீழ?" என்றார் ஏட்டு.

"பாப்பா வேலைங்க அது," என்றாள் காசியம்மாள். " காலைல அதுதான் கிழிக்கும். வேற யாரு கை வச்சாலும் அது கத்துற கத்துல வூடே ரெண்டாவும்."

காலை 9.40.

"காசியம்மா, நீ போ," என்ற பொன்னுரங்கம் பெரியவரிடம் திரும்பினார். "கையைக் களவு குடுத்தது நீங்கதான்யா."

"யோவ்!"

"காலண்டர் ஜூன் ஒம்போதுல நிக்குது. அன்னியோட இந்தக் கை போச்சி. மறியல் அஞ்சு நாளாத்தான். ஜூன்ல ரோடு தொறந்துதானே இருந்திச்சி?"

தெய்வசிகாமணி நிமிர்ந்தே நின்றார். "அதுக்கு எப்பவும் இருக்கிற நோவுதான்னு நெனச்சோம்."

"டாக்டரம்மாவைக் கேட்டேன். பழைய நோவு மட்டும்னா இருந்த கையைப் புதுசா எடுக்காதாம்; கழுத்து நசுங்கினாத்தான் போவுமாம்."

தெய்வசிகாமணி வாசல் பந்தலைப் பார்த்தார். "சம்பந்தி வூட்டுக்கு இப்படி ஒரு புள்ள இருக்கிறதே தெரியாது. கல்யாணம் முடியட்டும்னு இருந்தேன். அதுக்குள்ள மறியல்... நாளக்கி ஊரு கேட்டா யாரு மேலயாச்சும் சொல்லணுமே."

"பொய்ப் புகாருக்கு செக்‌ஷன் இருக்கு. கூட்டிக்கினு போவாததுக்கு எங்கிட்ட ஒண்ணும் இல்ல."

பெரியவர் காலண்டரிடம் குனிந்தார். மூன்று மாதத் தாள்களையும் கிழிக்க ஒரே பிடியாகப் பிடித்தார்.

அபிநயா கத்தினாள்.

அவர் கை தாளை விட்டுவிட்டது. ஜூன் ஒன்பது அப்படியே தொங்கியது.