அண்ணன் சொல்லிட்டாரு

அந்தப் பெண் வந்தபோது புரூஃப் சார் ஒரு பல் மருத்துவரின் துண்டுப் பிரசுரத்தில் பிழை பார்த்துக்கொண்டிருந்தார். "வலியில்லாமல் பல் பிடுங்கப்படும்" என்று இருக்க வேண்டிய இடத்தில் "பல்லில்லாமல் வலி பிடுங்கப்படும்" என்று அச்சாகியிருந்தது. இதுவும் ஒருவகையில் உண்மைதானே என்று யோசித்து, திருத்தலாமா விடலாமா என்ற சஞ்சலத்தில் இருந்தார்.

அவர் ஒரு நாளிதழில் தலை நரைக்கும்வரை பிழை திருத்தியவர். ஓய்வு பெற்ற பிறகு அச்சில் இல்லாத பிழைகளையும் பார்க்க ஆரம்பித்திருந்தார். அவருக்குத் துணை அவருடைய மச்சினன். மச்சினனுக்குக் குடை ரிப்பேர் கடை. வருஷத்தில் பாதி நாள் மழையில்லாத ஊரில் குடைக்கடை வைத்த மனிதனுக்குத் துப்பறிய நேரம் கிடைக்காமல் போகுமா?

வந்தவள் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள்.

"என் வீட்டுக்காரர் செத்துப்போய்ட்டார். நான் விஷம் வெச்சேன்னு சொல்றாங்க. வைக்கலை. அதை யாராவது நிரூபிச்சுக் குடுக்கணும்."

மச்சினன் பரவசமாய் நிமிர்ந்தான். புரூஃப் சார் பேனாவை மூடினார். அவள் அழாமல், ஒப்பிக்கிறவளைப் போலச் சொன்னாள்.

கணவன் ஊருக்கு வெளியே சொந்த நிலத்தில் காய்கறி போடுகிறவன். வீடும் அங்கேயே. அன்றைக்கு இருட்டியதும் தண்ணீர் பாய்ச்சிவிட்டு வந்து, வெக்கை தாங்காமல் முன்னறையில் வெறுந்தரையில் படுத்திருக்கிறான். முழங்கையில் சுருக்கென்றது. எறும்பென்று தட்டினால் கையில் வழவழவென்று ஏதோ பட்டது. விளக்கைப் போட்டபோது பாம்பு நிலைப்படியைத் தாண்டி வெளியே போய்க்கொண்டிருந்தது. அவள் ஓடிவந்து கதவை ஓங்கிச் சாத்தினாள். அதன் பின்பாதி கதவுக்கும் நிலைக்கும் நடுவே நசுங்கியது. அசைவு அடங்கும்வரை தோளைக் கொடுத்து அழுத்திக்கொண்டு நின்றாள். பிறகு பக்கெட்டில் போட்டு மூடினாள். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று அவள் சொல்ல, அவன் போனை எடுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போய்ப் பேசிவிட்டுத் திரும்பிவந்தான்.

"என்ன சொன்னார்? அவர் சொன்ன வார்த்தை அப்படியே வேணும்மா."

"'ஓலைதான். ஒண்ணும் செய்யாது. அண்ணன் சொல்லிட்டாரு.' அவ்வளவுதான். கை கழுவிட்டு சாப்பிட உக்காந்துட்டார்."

ஓலைப்பாம்பு விஷமில்லாதது என்பது எல்லோருக்கும் தெரியும். எது ஓலைப்பாம்பு என்பதுதான் பலருக்குத் தெரியாது. கடிவாயில் வீக்கமில்லை, வலியில்லை. சாப்பிட்டுச் சற்று நேரத்தில் வயிறு வலிக்கிறது என்றான். பிறகு தூக்கமாக வருகிறது என்றான். ஆனால் தூங்கவில்லை. இமைகள் தாமாகத் தொங்கின. குடிக்கக் கொடுத்த தண்ணீர் உள்ளே இறங்காமல் வாயோரம் வழிந்தது. வண்டி கிடைப்பதற்குள் மூச்சு நின்றுவிட்டது.

விடிந்ததும், பாம்பு விஷயத்தில் ஊரே கேட்கும் பாம்பு வல்லுநர் வந்தாராம், கூப்பிடாமலேயே. வாசலில் நின்று, "எங்கேம்மா அந்த ஓலை?" என்று கேட்டு, பக்கெட்டை வாங்கிக்கொண்டு போனாராம். மதியத்துக்குள் உடலை எரித்தாகிவிட்டது. மறுநாள் வல்லுநர், பக்கெட்டில் இருந்தது விஷமற்ற ஓலைப்பாம்பு என்று காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்தார். அப்படியானால் மனிதன் எதனால் செத்தான்? அவள் போட்ட சோற்றைத் தின்று வயிறு வலித்துச் செத்தான். இப்படிக் கணக்குப் போட்டவர் கணவனின் கூடப்பிறந்த அண்ணன். தம்பி தனக்குப் போனே பண்ணவில்லை, இவள் பச்சைப் பொய் சொல்கிறாள் என்று புகார் கொடுத்துவிட்டு, அவளுடைய பெண் குழந்தையையும் தன் வீட்டுக்குக் கூட்டிப்போய்விட்டார்.

"போலீசுக்கு நான் பயப்படலை. போன வாரம் என் பொண்ணைப் பார்க்கப் போனேன். ஒரு ரொட்டி வாங்கிட்டுப் போயிருந்தேன். கையில வாங்கி, முகர்ந்து பார்த்துட்டுக் கீழ வெச்சுட்டா." அவள் தன் உள்ளங்கையைப் பார்த்தாள். "அவ மறுபடி என் கையால சாப்பிடணும் சார். அது போதும்."

*

அண்ணன்காரர் மாவு மில் வைத்திருந்தார். தலைமுதல் கால்வரை மாவு படிந்து நின்றதால், அழுகிறாரா வியர்க்கிறதா என்று கண்டுபிடிப்பது கடினமாயிருந்தது. இரண்டும்தான் என்று புரூஃப் சார் பிற்பாடு சொன்னார். தம்பியின் போனை அவரே வைத்திருந்தார். கேட்பவர்களுக்கெல்லாம் அதைக் காட்டிக்கொண்டும் இருந்தார்.

"பாருங்க. அன்னைக்கு எனக்கு ஒரு கால் வரலை. பாம்பு கடிச்சா என்கிட்ட கேக்கற ஆளா அவன்? ஒரு வயசு மூத்தவன்னு எனக்கு எங்க மரியாதை குடுத்தான்? நேர்ல 'டேய்'. முதுகுக்குப் பின்னாடி 'அண்ணன் வந்தான், அண்ணன் போனான்'. இனிமே அந்த டேய் கூட கிடையாது." அவர் மில்லை நிறுத்த மறந்திருந்தார். உள்ளே கல் வெறுமனே சுற்றிக்கொண்டிருந்தது.

அடுத்து அவர்கள் வல்லுநர் வீட்டுக்குப் போனார்கள். மச்சினன் அங்கே செருப்பைத் தெருவிலேயே கழற்றிவிட்டான். வல்லுநரின் வீட்டு முகப்பில் அவருடைய பட்டங்களை எழுதிய பலகை வாசலைவிட அகலமாக இருந்தது. கடைசிப் பட்டம் இடம் போதாமல் சுவரில் எழுதப்பட்டிருந்தது. உள்ளே அவர் பாம்போடு இருக்கும் படங்கள் மாட்டியிருந்தன. எல்லாவற்றிலும் அவர் காமிராவைப் பார்த்தார். பாம்பு வெளியே போகும் வழியைப் பார்த்தது. பள்ளிகளிலும் பொட்டல்களிலும் பாம்பைப் பற்றிப் பேசிப் பேசி, அறுபது வயதுக்காரருக்கும் ஆறு வயதுப் பிள்ளைக்கும் அவர் ஒரே உறவாகியிருந்தார். மச்சினனும் அந்த உறவைச் சொல்லித்தான் அழைத்தான்.

"அண்ணே, அந்த ஓலையைக் கொஞ்சம் காட்டுங்க."

ஜாடியில் பாம்பு சுருண்டிருந்தது. கழுத்துக்குக் கீழேயே பளிச்சென்று வெள்ளை வளையங்கள் தொடங்கி, போகப்போக மங்கி, வால் பக்கம் ஒன்றுமில்லாமல் போயிருந்தன. தலை அடிபட்டுக் கூழாகியிருந்தது. உடம்பில் ஒரு கீறல் இல்லை.

"தலையை யார் அடிச்சது?" என்று கேட்டார் புரூஃப் சார்.

"பாமர மக்கள் பாம்பைக் கண்டால் முதலில் அடிப்பது தலையில்தான்," என்றார் வல்லுநர். வீட்டிலும் அவர் மேடைத் தமிழே பேசினார். "அறியாமை, ஐயா. அறியாமை."

வெளியே வந்ததும் மச்சினன், எவ்வளவு அறிவு பார்த்தீர்களா மாமா என்றான். பார்த்தேன், தலையில் ரொம்பப் பலமாக அடிபட்டிருக்கிறது என்றார் புரூஃப் சார்.

கடைசியாக நிலத்து வீட்டில் அவர் முன்னறைக் கதவின் முன்னால் குந்தி உட்கார்ந்தார். கதவின் அடிவிளிம்பிலும் நிலையிலும் நேருக்கு நேராகக் கறுத்த கறை இருந்தது. கறையில் செதிள்கள் இரண்டு ஒட்டியிருந்தன.

"வளையம் எங்கேம்மா ஆரம்பிச்சது?"

"முன்பக்கம் வெறும் கறுப்பு சார். கதவுல மாட்டினது பின்பக்கம். அங்கதான் வெள்ளைக் கோடு நெருக்க நெருக்கமா இருந்துச்சு."

புரூஃப் சார் எழுந்திருக்க வெகுநேரம் ஆனது. முழங்கால் வலி என்று மச்சினன் நினைத்தான்.

*

காவல் நிலையத்தில் இன்ஸ்பெக்டரின் அறை சின்னது. வல்லுநருக்கு மட்டும் கைவைத்த நாற்காலி போட்டிருந்தார்கள். மில்காரரும் அந்தப் பெண்ணும் எதிரெதிர்ச் சுவரில் சாய்ந்து நின்றார்கள்.

"நான் பாம்பு பிடிக்கறவன் இல்லை," என்று புரூஃப் சார் ஆரம்பித்தார். "விகுதி பார்க்கறவன். இந்தம்மா புருஷன் சொன்னது, 'அண்ணன் சொல்லிட்டாரு'. கூடப்பிறந்த அண்ணனை அவர் என்னைக்கும் அப்படிச் சொன்னதில்லை. 'அண்ணன் சொன்னான்'னுதான் சொல்வார். சொல்லுங்க, உங்களை ஒருதரமாவது 'ஆரு' போட்டிருக்காரா?"

மில்காரர் இல்லையென்று தலையாட்டினார்.

"அப்போ மரியாதை போட்டுச் சொன்ன அண்ணன் வேற ஆள். போன்ல உங்க நம்பர் இல்லைன்னு எல்லாரும் பார்த்தீங்க. எந்த நம்பர் இருக்குன்னு யாரும் பார்க்கலை. இந்தம்மா பொய் சொல்லலை. உறவைத் தப்பாப் புரிஞ்சுக்கிட்டாங்க. அந்த வீட்ல அண்ணன்னா ஒருத்தர்தான், ஊருக்கே அண்ணன்னு வேற ஒருத்தர் இருக்கார். இன்ஸ்பெக்டர், அன்னைக்கு ராத்திரி அவர் பேசின நம்பரைக் கொஞ்சம் கூப்பிடுங்க."

இன்ஸ்பெக்டர் கூப்பிட்டார். கைவைத்த நாற்காலியின் சட்டைப்பையிலிருந்து மகுடி இசை கிளம்பியது. கொஞ்ச நேரம் யாரும் அதை நிறுத்தவில்லை.

"ஆமாம், பேசினான்," என்றார் வல்லுநர். மேடைத் தமிழ் எங்கோ போயிருந்தது. "கறுப்பு, வெள்ளை வளையம்னான். ஓலைன்னேன். நான் சொன்னது சரிதானே? ஜாடியில இருக்கறது ஓலைதானே?"

"ஜாடியில இருக்கறது ஓலைதான். பக்கெட்டுல இருந்தது இல்லை. நான் ஒருதரம் பாம்புப் புத்தகம் ஒண்ணுக்கு புரூஃப் பார்த்திருக்கேன். ஓலைக்கு வளையம் கழுத்துல தெளிவா ஆரம்பிச்சு வால்ல மங்கும். கட்டுவிரியனுக்கு நேர்மாறு. கழுத்துக்கிட்ட வெறும் கறுப்பு, வால் பக்கம் நெருக்கமா வளையம். இந்தம்மா பார்த்தது அதைத்தான். கட்டுவிரியன் கடிச்சா வீங்காது, வலிக்காது. வயிறு வலிக்கும். இமை தொங்கும். தண்ணி இறங்காது. மூச்சு நிக்கும். அதுமட்டுமில்லை. இவங்க பாம்பைத் தலையில அடிக்கவே இல்லை. கதவுல வெச்சுப் பின்பாதியை நசுக்கினாங்க, கறை இன்னும் கதவுல இருக்கு. ஜாடிப் பாம்புக்கு உடம்புல ஒரு கீறல் இல்லை, தலை மட்டும் கூழ். அடிச்சுக் கொன்ன பாம்பு மாதிரி தெரியணும்னு யாரோ அடிச்சிருக்காங்க. பாமர மக்கள் தலையிலதான் அடிப்பாங்கன்னு நினைக்கற ஒருத்தர்."

மச்சினன் வல்லுநரைப் பார்க்கவில்லை. தன் செருப்பைப் பார்த்தான்.

"விடிஞ்சதும் கூப்பிடாமலே வந்து 'அந்த ஓலை எங்கே'ன்னு கேட்டீங்க. அப்போ ஊருக்குத் தெரிஞ்சது பாம்புன்னு மட்டும்தான். பக்கெட்டைத் திறந்து பார்த்ததும் உங்களுக்குப் புரிஞ்சிருக்கும். நீங்க மட்டும் ஆஸ்பத்திரிக்குப் போன்னு சொல்லியிருந்தா அவர் பிழைச்சிருப்பார்."

மில்காரர் முதல் தடவையாகத் தம்பி மனைவியை நேராகப் பார்த்தார். பக்கெட்டில் இருந்த பாம்பு இப்போது எங்கே என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். எந்தப் பாம்பு என்று வல்லுநர் திருப்பிக் கேட்டார். உடல் சாம்பல். பாம்பும் எங்கோ மண்ணில். செதிள் இரண்டு பாக்கி. அதைப் படித்துச் சொல்லத் தகுதியானவர் என்று அரசு அங்கீகரித்த ஒரே மனிதர் கைவைத்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

இன்ஸ்பெக்டர் நல்லவர். நல்லவர்களிடம் எப்போதும் ஒரு சமரசம் தயாராக இருக்கும். ஏன் சார், இரண்டு பாம்பாக இருக்கக் கூடாதா என்று கேட்டார். கடித்தது விரியன், அது தப்பித்துவிட்டது. அந்தம்மா அடித்தது ஓலை. விரியன் கடித்துத்தான் செத்தான் என்று வல்லுநர் எழுதிக் கொடுத்தால் அந்தம்மா மேல் கேஸ் இல்லை. வல்லுநர் சொன்னதும் தப்பில்லை. யாருக்கும் நஷ்டமில்லை.

வல்லுநருக்கு மேடைத் தமிழ் திரும்பி வந்தது. "சாத்தியமே. மிகவும் சாத்தியமே."

"அது பொய்," என்றார் புரூஃப் சார்.

"இது வேண்டாம்னா பழைய ரிப்போர்ட்தான் நிக்கும்," என்றார் இன்ஸ்பெக்டர், குரலை உயர்த்தாமல். "அதுல இவங்க உள்ள போவாங்க. நீங்களே சொல்லுங்க."

புரூஃப் சார் அந்தப் பெண்ணைப் பார்த்தார். அவள் இன்ஸ்பெக்டரைப் பார்த்து, "அப்போ என் பொண்ணு வருவாளா?" என்று மட்டும் கேட்டாள்.

வாழ்நாள் முழுக்கப் பிழை திருத்திய மனிதர், தெரிந்தே ஒரு பிழையை விட்டது அன்றைக்குத்தான்.

*

மில்காரர் தம்பி மனைவியிடம் மன்னிப்புக் கேட்டார். குழந்தையையும் தானே கூட்டிவந்தார். நிலத்து வீட்டின் முற்றத்தில் அவள் ரொட்டித் துண்டை நீட்ட, மகள் வாங்கிக் கடித்தாள். முகர்ந்து பார்க்கவில்லை. மச்சினன் முகத்தைத் திருப்பிக்கொண்டு மூக்கைச் சிந்தினான்.

"வா, உள்ள போலாம்," என்றாள் அம்மா.

மகள் நிலைப்படிக்கு வெளியிலேயே நின்றுவிட்டாள். வீட்டின் இருட்டை, அலமாரிக்கு அடியை, சாக்கு மூட்டைகளின் இடுக்கை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பள்ளியில் அன்று காலை ஒரு கூட்டம் நடந்திருந்தது. தப்பித்த விரியனைப் பற்றி வல்லுநர் பேசியிருந்தார். கைதட்டல் நன்றாக இருந்ததாம்.

"அப்பாவைக் கடிச்சது உள்ளதாம்மா இருக்கு. நான் பெரியப்பா வீட்டுக்கே போறேன்."

"இல்லடா கண்ணு. அது செத்துப்போச்சு. அம்மாதான் கொன்னேன். இதோ பாரு, இந்தக் கதவுல வெச்சு நசுக்கினேன்." அவள் குனிந்து கறையைத் தொட்டுக் காட்டினாள்.

குழந்தை கறையைப் பார்த்தது. பிறகு விஷயம் தெரியாதவளைப் பார்ப்பதுபோல அம்மாவைப் பரிதாபமாகப் பார்த்தது.

"அது ஓலைதாம்மா. ஒண்ணும் செய்யாது. அண்ணன் சொல்லிட்டாரு."