நைஸ் என்றொரு சொல்

"எங்க புது மேனேஜர் ஆல்வின் ரொம்ப நைஸுங்க" என்றாள் ஜெசிந்தா, வறுத்த மீனைக் கணவன் தட்டில் வைத்துக்கொண்டே.

இருதயராஜின் காதுக்குள் பொருள்செவி முணுமுணுத்தது. "நைஸ். பேசியவர் கருதியது: இதமானவர்."

அந்த ஆண்டு தூத்துக்குடியில் பொருள்செவி மாட்டாத காதைப் பார்ப்பதே அரிது. கடுகளவுக் கருவி. பேசுகிறவரின் குரலையும் மூச்சையும் அளந்து, சொல்லின் பல பொருள்களில் அவர் மனத்தில் இருப்பது எது என்று சொல்லிவிடும். ஜெசிந்தா மட்டும், "என் காதுக்குக் கம்மல் போதும்" என்றிருந்தாள்.

இருதயராஜ் தட்டை நகர்த்தி வைத்தான். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவனை அவள் ஒருமுறைகூட அப்படிச் சொன்னதில்லை. அந்தச் சொல்லின் பூர்வீகத்தையே கருவியிடம் கேட்டு அவளிடம் ஒப்பித்தான்.

"லத்தீன்ல அறியாதவன்னு அர்த்தமாம். இங்கிலீஷுக்கு வந்ததும் முட்டாள். அப்புறம் சரசக்காரன். ரொம்ப நாள் கழிச்சுத்தான் இனிமையானவன்னு ஆச்சாம். நீ எதைச் சொன்னே?"

"மாவை நைஸா அரைன்னு எங்கம்மா சொல்லுவாங்க. அதுலயும் சரசமா?" அவள் சிரித்தாள். "உங்க மெஷினையே கேளுங்களேன்."

கேட்டாகிவிட்டது. நம்பத்தான் முடியவில்லை. கருவியையே ஏமாற்றுகிற மனசாக இருந்தால்?

மறுநாள் அவள் வேலை பார்க்கும் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைக்கே போய்விட்டான். ஆல்வின் எழுந்து கை கொடுத்தான்.

"நீங்க ரொம்ப நைஸ்னு என் வீட்டுக்காரி சொன்னா சார்" என்று பல்லைக் காட்டினான் இருதயராஜ்.

ஆல்வின் காதிலும் பொருள்செவி இருந்தது. சரசக்காரன் என்று அது சொல்லியிருக்க வேண்டும். அவன் முகம் வெளுத்துப்போய் நாற்காலிக்குப் பின்னால் ஒதுங்கினான். "சார், நான் பிள்ளைகுட்டிக்காரன்."

சாயங்காலத்துக்குள் புதிய குழாய்த் திட்டத்திலிருந்து ஜெசிந்தாவை நீக்கிவிட்டார்கள். அவளே வரைந்த திட்டம். வீட்டுக்கு வந்தவள் கைப்பையைக்கூடக் கீழே வைக்காமல் அவனையே பார்த்தாள்.

"நீங்களும் ரொம்ப நைஸுங்க."

அவன் முகம் மலரப் பார்த்தது. கருவி வழக்கத்துக்கு மாறாகத் தயங்கியது. "நைஸ். இந்தப் பொருளில் இதை இப்போது யாரும் வழங்குவதில்லை. பேசியவர் கருதியது: ஒன்றும் அறியாதவன்."

அவள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கருவியை வாங்கிய நாளிலிருந்து முதல் தடவையாக, அது சொன்னதை இருதயராஜ் அப்படியே நம்பினான்.