தலைக்குத் தலை

மலையடியிலிருந்து வடத்தில் தொங்கியபடி முதல் கம்பிவண்டி மேலே வந்து நின்றதும், ஹேமலதா மேடையில் ஒலிவாங்கியைச் சரிசெய்துகொண்டாள். பனிமேட்டுக்குப் புதிதாக வருபவர்களுக்குக் குறிப்புகள் சொல்வது அவள் வேலை.

"ஸ்வெட்டரைக் கழட்டாதீங்க. சமவெளிச் சூட்டுல வெந்த உடம்பு, திடீர்க் குளிர் தாங்காது. ஏரிக்கு மத்தியானத்துக்குள்ள போயிடுங்க, அப்புறம் மூடுபனி. சோளம் வாங்கினா முதல்ல குரங்கு எங்கன்னு பாருங்க."

கூட்டம் சிரித்தது. "இங்கனயே தங்கிர முடியாதாம்மா?" என்று கேட்டார் தூத்துக்குடி அந்தோணிசாமி. பல வருடம் காத்திருந்து அனுமதி வாங்கியவர்.

"மூணு நாள்தாங்க."

மலைமேல் தண்ணீர் அளவாகத்தான் இருந்தது. அதனால் ஒரு பயணி ஏறினால் ஊர்க்காரர் ஒருவர் இறங்கியாக வேண்டும். பயணி திரும்பும்வரை கீழே, அனல் கக்கும் முகாமில் இருப்பார். ஹேமலதாவைப் போன்ற வழிகாட்டிகளுக்கு மட்டும் விலக்கு. வேண்டுமானால் அதை இன்னொருவருக்குக் கொடுத்துவிட்டுத் தாங்கள் இறங்கலாம். யாரும் கொடுத்ததில்லை.

இறங்குவோர் வரிசையிலிருந்து ஒரு குரல் கேட்டது. பக்கத்து வீட்டு ஜெசிந்தா. ஹேமலதாவின் பிரசவத்தில் இரவும் பகலும் கூடவே இருந்தவள். தோளில் கைக்குழந்தை துவண்டு கிடந்தது.

"ஹேமா, பிள்ளைக்குக் காய்ச்சல்டி. இந்த ஒரு தடவை உன் விலக்கைக் குடுடி."

ஹேமலதாவுக்கு முகாமின் தகரக் கூரை கண்முன் வந்தது.

"தெரிஞ்சவங்களா?" என்றார் அந்தோணிசாமி.

"இல்லைங்க." குரல் ஒலிபெருக்கியில் கணீரென்று கேட்டது. "இறங்குறவங்க ஏதாவது கேட்டா, பேச்சுக் குடுக்காதீங்க. அதுதான் அடுத்த குறிப்பு."

ஜெசிந்தாவின் வாய் திறந்தபடியே நின்றது.

அந்தோணிசாமி மெல்ல ஸ்வெட்டரைக் கழற்றினார். "தலைக்குத் தலைதானே கணக்கு? நான் வந்த வண்டியிலயே இறங்கிக்கிடுதேன். நீ பிள்ளையத் தூக்கிட்டு வீட்டுக்குப் போ தாயி."

"ஐயா, மறுபடி உங்களுக்கு அனுமதி கிடைக்காது," என்றாள் ஹேமலதா.

"கிடைக்காட்டிப் போவுது." அவர் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஸ்வெட்டரைக் குழந்தைமேல் போர்த்திவிட்டு வண்டியில் ஏறிக்கொண்டார்.

வண்டி மலைச்சரிவில் இறங்கி மறைந்தது. ஹேமலதா மேடையிலிருந்து இறங்கி ஓடிவந்தாள். "ஜெசி, நான்... பயந்துட்டேன்டி." குழந்தையின் நெற்றியைத் தொடக் கை நீட்டினாள்.

ஜெசிந்தா திட்டுவாள், ஒரு அறையாவது விடுவாள் என்று நின்றாள். விட்டிருந்தால் தேவலை. ஜெசிந்தாவோ குழந்தையை மறுதோளுக்கு மாற்றிக்கொண்டு, முன்பின் அறியாதவரிடம் பேசும் மரியாதையோடு சொன்னாள்:

"கொஞ்சம் வழி விடுறீங்களாம்மா?"